பெண்கள் பள்ளியில் பாடம் தாண்டி என்ன கிடைக்கிறது? சால்டரிங் அயர்ன் யார் கையில் என்று பாருங்கள்

பெண்கள் பள்ளிகளின் கையேட்டைப் புரட்டினால் நடுப்பக்கம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ரோபாட்டிக்ஸ், விவாதம், நாடகம், சாரணியம், நெட்பால், சேர்ந்திசை, சதுரங்கம். முப்பது நாற்பது மன்றங்கள், ஒவ்வொன்றுக்கும் சிரித்த முகத்தோடு ஒரு படம். கட்டணத்தில் ஒரு பங்கு இதற்கும் போகிறது. அதனால் இதையும் ஒரு சேவையாகத்தான் எடைபோட வேண்டும். எண்ணிக்கையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நாற்பது மன்றங்களில் பாதி, குழுப் படம் எடுக்க மட்டும் கூடுபவையாக இருக்கலாம்.

‘பெண்கள் மட்டும்’ என்பதாலேயே எல்லாம் நன்றாக நடக்கும் என்ற நம்பிக்கையையும் முதலிலேயே கழற்றி வைத்துவிடலாம். 2014இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு 21 நாடுகளைச் சேர்ந்த சுமார் 16 லட்சம் மாணவர்களின் தரவுகளை அலசியது. குடும்பப் பின்னணி போன்றவற்றைச் சரிக்கட்டிய தரமான ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒருபால் பள்ளிக்கும் பையன்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் கலப்புப் பள்ளிக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்பதே அதன் முடிவு. அது முக்கியமாகப் படிப்பையும் மனப்பான்மையையும் அளந்த ஆய்வு. வகுப்புக்கு வெளியே நடப்பதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

அங்கே ஒரு சாதகம் நிச்சயம் உண்டு. கலப்புக் குழுக்களில் அடிக்கடி பார்க்கும் காட்சி ஒன்று: கருவி பையன் கையில், குறிப்பேடு பெண் கையில். பெண்கள் பள்ளியில் அந்தப் பங்கீட்டுக்கே இடமில்லை. விளக்குப் பலகை, டிரம்ஸ், அணித் தலைமை, கணக்குப் புத்தகம், திருகாணிச் சாவி எல்லாம் பெண்களுக்குத்தான். ஆனால் காலியான அந்த இடத்தில் பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். ஆசிரியை, வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர், வாடகைக்கு வந்த ஒலிபெருக்கிக்காரர் என்று யாராவது. கீழே உள்ள மதிப்பீடு முழுக்க இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்: வேலை யார் கையில் நடக்கிறது?

மின்னணுவும் ரோபாட்டிக்ஸும்

ஒரு பள்ளியின் யோக்கியதை இங்கேதான் சீக்கிரம் தெரியும். சூடான அயர்னால் உலோகக் கம்பியை உருக்கி மின்னணு உதிரிகளைப் பலகையில் ஒட்டுவதுதான் சால்டரிங். அது நடக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். முறையாகக் கற்றுக்கொண்ட பெண் அயர்னின் முனையை ஈரப் பஞ்சிலோ பித்தளைச் சுருளிலோ துடைத்துவிட்டு, பலகையின் செப்புப் பட்டையையும் உதிரியின் காலையும் சேர்த்துத் தொடுவாள். ஒன்றிரண்டு விநாடி சூடேறிய பிறகு கம்பியை அந்த இணைப்பில் வைப்பாள், அயர்னின் முனையில் அல்ல. உருகிப் பரவியதும் முதலில் கம்பி, அப்புறம் அயர்ன் என்று எடுப்பாள். மொத்தம் மூன்று நான்கு விநாடி. அதன்பின் இரண்டு விநாடி பலகையை அசைக்கவே கூடாது. இணைப்பு சிறிய எரிமலை போல, பக்கங்கள் உள்வாங்கிச் சரிந்து நிற்க வேண்டும். பந்து போல உருண்டு நின்றால் பட்டை சூடாகவில்லை என்று அர்த்தம். தொட்டுக்கொண்டிருப்பது போலத் தெரியும், மின்சாரம் ஒழுங்காகப் போகாது.

‘மங்கலாக இருந்தால் கெட்ட இணைப்பு’ என்று பழைய பாடத்தையே ஒப்பிக்கும் பயிற்சியாளரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். ஈயம் கலந்த கம்பிக்கு அது பொருந்தும். பள்ளிகளில் பயன்படுத்த வேண்டிய ஈயமில்லாக் கம்பியில் நல்ல இணைப்பே சற்று மங்கலாகத்தான் இருக்கும். அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும், ஈயக் கம்பிக்கு 183 முதல் 190 வரை போதும். ஆகவே அயர்னை 350 டிகிரிக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். பழைய அளவிலேயே விட்டுவிட்டால் பிள்ளைகள் பத்து விநாடி அழுத்திப் பிடிப்பார்கள், செப்புப் பட்டை பலகையிலிருந்து உரிந்து வந்துவிடும். பாதுகாப்புக் கண்ணாடி, கட்டிய கூந்தல், புகையை இழுக்கும் விசிறி, முடித்ததும் கை கழுவுதல் ஆகிய நான்கும் இல்லாத இடத்தில் உங்கள் மகளை உட்கார வைக்காதீர்கள்.

ரோபாட்டிக்ஸ் போட்டிகளில் பரவலானது, லெகோ கட்டைகளால் பிள்ளைகள் ரோபாட் செய்து ஓட்டும் ஃபர்ஸ்ட் லெகோ லீக். ரோபாட் மேசையில் ஓடுவது இரண்டரை நிமிடம். அதற்கான தயாரிப்பு மாதக்கணக்கில் போகும். வீட்டில் ஒழுங்காக ஓடிய ரோபாட் அரங்கில் திசை தவறுவது எல்லா ஆண்டும் நடக்கிறது, காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான். ‘இரண்டு விநாடி ஓடு’ என்று நேரத்தை நம்பி நிரல் எழுதியிருப்பார்கள். மின்கலம் இறங்கினால் அதே இரண்டு விநாடியில் குறைவான தூரமே போகும். சக்கரச் சுற்றை அளந்து எழுதினால் இந்தச் சிக்கல் பாதி தீரும். மீதிப் பாதி புறப்படும் இடத்தில் இருக்கிறது. கண்ணளவில் வைத்தால் ஒரு டிகிரி பிசகும், மேசையின் அடுத்த முனைக்குப் போவதற்குள் அது சில சென்டிமீட்டராகிவிடும். சுவரோடு ஒட்டி வைக்க லெகோவிலேயே ஒரு தாங்கி செய்துகொண்ட அணி இதைத் தாண்டிவிடும்.

இதையெல்லாம் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். “சார் நிரல் எழுதிக் கொடுத்தார்” என்ற பதில் வந்தால் கோப்பை சாருக்குத்தான் சேர வேண்டும். இன்னொரு கோளாறும் உண்டு. குழுவில் ஒருத்தி மட்டும் நிரல் எழுதுவாள், மற்றவர்கள் விளக்க அட்டைக்கு வண்ணம் தீட்டுவார்கள். பையன்கள் இல்லாத அறையிலும் அந்தப் பழைய பங்கீடு வேறு வேடத்தில் வந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொடுக்கும் பள்ளிக்கு எங்கள் கணக்கில் முழு மதிப்பெண்.

செயலி எழுதும் ஆர்வமுள்ளவர்களுக்கு டெக்னோவேஷன் கேர்ள்ஸ் என்ற போட்டி நல்ல வாசல். 8 முதல் 18 வயது வரை, ஐந்து பேர் வரையிலான குழு, தங்கள் ஊரின் ஒரு சிக்கலை எடுத்துத் தீர்வு உருவாக்க வேண்டும். தோற்பவர்கள் பெரும்பாலும் சிக்கலை வீட்டுக்குள் உட்கார்ந்து யோசித்தவர்கள்தான். பாதிக்கப்பட்ட பத்துப் பேரிடம் போய்ப் பேசிவிட்டு வந்த குழுவின் செயலி வேறு மாதிரி இருக்கும்.

விளையாட்டு

மைதானத்தின் பரப்பளவைக் கேட்பதைவிட, வார்ம்-அப் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். திடீரென நின்று திரும்பும் ஆட்டங்களில், முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழியும் ஆபத்து பதின்ம வயதுப் பெண்களுக்குப் பையன்களைவிடப் பல மடங்கு அதிகம். கிழிந்தால் களத்துக்குத் திரும்பவே ஒன்பது மாதம், ஒரு வருடம் ஆகிவிடும். கூடைப்பந்து போன்ற ஆட்டமான நெட்பால் இதற்கு நல்ல உதாரணம். பந்தைக் கையில் வாங்கியவள் ஓடக் கூடாது, மூன்று விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். அதாவது பாய்ந்து பிடித்து, ஒற்றைக் காலில் இறங்கி, சட்டென நிற்பதுதான் ஆட்டமே. கால் நீட்டி விறைத்து, முட்டி உள்பக்கம் சாய்ந்தபடி இறங்கும் பெண்ணைப் பார்த்ததும் திருத்தத் தெரியாதவர் அங்கே பயிற்சியாளராக இருக்கக் கூடாது.

திருத்தும் வழி புதிதல்ல. கால்பந்துக்காக உருவாக்கிய ஃபிஃபா 11+ என்ற தொகுப்பில் 15 பயிற்சிகள். மெதுவோட்டம் 8 நிமிடம், பலமும் குதித்தலும் சமநிலையும் 10 நிமிடம், வேக ஓட்டம் 2 நிமிடம், ஆக மொத்தம் 20. வாரம் இரண்டு முறையாவது செய்தால்தான் பலன். கருவி எதுவும் வேண்டாம், செலவும் இல்லை. அப்படியும் பல பள்ளிகளில் இரண்டு சுற்று ஓடச் சொல்லிவிட்டு நேராக ஆட்டத்துக்கு இறக்கிவிடுகிறார்கள். கேட்டால் நேரமில்லை என்பார்கள். ஒன்பது மாதம் எங்கிருந்து வரும் என்று திருப்பிக் கேட்கலாம்.

உடை விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் பதின்மூன்று பதினான்கு வயதில் பெண்கள் விளையாட்டை விடும் காரணங்களில் அதுவும் ஒன்று. முழு வெள்ளை உடையில் ஊறிய விம்பிள்டனே 2023 முதல் பெண்கள் உள்ளே அடர்நிறக் கால்சட்டை அணியலாம் என்று விதியைத் தளர்த்தியது. ஒரு பெண்கள் பள்ளி இன்னும் வெள்ளைக் கால்சட்டையை வற்புறுத்தினால், மாதவிடாய் பற்றி அங்கே யாரும் பிள்ளைகளிடம் கேட்கவே இல்லை என்று பொருள். மைதானத்திலிருந்து கழிப்பறை எவ்வளவு தூரம், அதில் நாப்கினும் மூடியுள்ள குப்பைக்கூடையும் இருக்கிறதா என்பதையும் நடந்தே பார்த்துவிடுங்கள்.

தீவிரமாகப் பயிற்சி எடுப்பவர்களுக்கு ஒன்று: மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வரவில்லை என்றால் அது ‘நல்ல பயிற்சியின் அடையாளம்’ அல்ல. உடல் செலவழிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பாடு போகவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். எலும்பு பலமும் அதோடு குறையும். மருத்துவரிடம் போக வேண்டும். இதைச் சாதாரணமாகப் பேசும் பயிற்சியாளர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஆடும் திறமை சுமாராக இருப்பவர்களுக்கு நடுவர் பயிற்சி கொடுக்கும் பள்ளிகள் சில உண்டு. நெட்பாலில் ஏழு பேருக்கும் எந்தெந்தப் பகுதிக்குள் போகலாம் என்று எல்லை உண்டு, கூடையில் போட இருவருக்குத்தான் அனுமதி. அதை ஓடிக்கொண்டே கவனித்து, விசிலடித்து, எதிர்ப்பு வந்தாலும் தீர்ப்பில் நிற்கப் பழகுவது அணியில் பதினைந்தாவது ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைவிட எவ்வளவோ மேல்.

சாரணியமும் விருதுத் திட்டமும்

1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்கு அழைப்பில்லாமலே சில பெண்கள் போய் நின்றார்கள். அடுத்த ஆண்டே பெண்களுக்கான வழிகாட்டியர் (கைடு) இயக்கம் பிறந்தது. உலக அமைப்பு 1928இல் உருவானது. இதன் உயிர்நாடி ஆறிலிருந்து எட்டுப் பேர் கொண்ட சிறு அணி. தலைவி ஒரு சிறுமி, திட்டம் அவர்களுடையது, பெரியவர் தள்ளி நிற்பார்.

பல பள்ளிகளில் இதற்கு நேரும் கதி வேறு. விழா நாளில் சீருடை போட்டு வாசலில் நின்று, விருந்தினருக்குப் பூங்கொத்து நீட்டி, நாற்காலி காட்டுவது. அணிவகுப்பு அழகாக இருக்கும். கூடாரத்தைத் தாங்களே கட்டத் தெரியுமா என்று கேட்டால் முழிப்பார்கள். கடைசியாக எப்போது வெளியில் தங்கினீர்கள், சமைத்தது யார் என்ற இரண்டே கேள்வியில் உண்மை வெளியே வந்துவிடும். விழாவுக்கு மட்டும் வரும் சாரணியத்துக்கு ஐந்தில் ஒன்றுதான் கொடுக்க முடியும்.

டியூக் ஆஃப் எடின்பரோ சர்வதேச விருது 14 முதல் 24 வயது வரையானவர்களுக்கு. 1956இல் பையன்களுக்குத் தொடங்கி, 1958இல் பெண்களுக்கும் திறக்கப்பட்டது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலை. தொண்டு, உடற்பயிற்சி, திறன் ஆகியவற்றில் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக வாரம் ஒரு மணி நேரம். வெண்கலத்தை முடிக்கக் குறைந்தது ஆறு மாதம். இது தவிரப் பயணம்: வெண்கலத்துக்கு இரண்டு பகல் ஒரு இரவு, வெள்ளிக்கு மூன்று பகல் இரண்டு இரவு, தங்கத்துக்கு நான்கு பகல் மூன்று இரவு. தங்கத்துக்குக் கூடுதலாக, பழக்கமில்லாதவர்களோடு ஐந்து பகல் நான்கு இரவு தங்கி வேலை செய்ய வேண்டும்.

யாரோடும் போட்டியில்லை என்பதுதான் இதன் பெரிய பலம். கூச்ச சுபாவமுள்ள பெண்ணும் முடித்துவிடலாம். எங்கே சறுக்குகிறார்கள்? பதிவேட்டில். வாராவாரம் எழுதாமல் கடைசி மாதத்தில் மொத்தமாக நிரப்பப் பார்ப்பார்கள், மதிப்பீட்டாளர் அதற்குள் ஊர் மாறியிருப்பார், கையெழுத்து கிடைக்காது. பயணத்தில் மூட்டையின் எடையும் சறுக்க வைக்கும். உடல் எடையில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்பது பழகிய கணக்கு. 44 கிலோ பெண்ணுக்கு 11 கிலோ என்றால் தண்ணீர், சாப்பாடு, கூடாரத்தில் தன் பங்கு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கனமானதை முதுகை ஒட்டி நடுவில் வைத்து, இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கினால் தோளில் பாரம் குறையும். புதுக் காலணியோடு கிளம்புகிறவள் முதல் நாள் மதியமே கொப்புளத்தோடு உட்கார்ந்துவிடுவாள். ஒத்திகைப் பயணம் ஒன்று கட்டாயம், அதைத் தட்டிக்கழிக்கும் பள்ளியில் சேர வேண்டாம்.

மேடையும் மேடைக்குப் பின்னாலும்

விவாத மன்றம் இல்லாத பள்ளி இல்லை. ஆனால் பாதி இடங்களில் நடப்பது ஒப்பித்தல். ஆசிரியை எழுதிக்கொடுக்க, மாணவி மனப்பாடம் செய்து, கையை ஆட்டிப் பேசுவாள். உலகப் பள்ளிகள் முறை விவாதம் இதற்கு நேர் எதிர். அணிக்கு மூவர், தலைக்கு 8 நிமிடம், கடைசியில் 4 நிமிட மறுமொழி. முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் தவிர மற்ற நேரத்தில் எதிரணி எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம். மதிப்பெண் பாணிக்கு 40, கருத்துக்கு 40, உத்திக்கு 20. சில சுற்றுகளில் தலைப்பே ஒரு மணி நேரம் முன்னால்தான் தெரியும். இங்கே மனப்பாடம் உதவாது. பயிற்சியை எட்டிப் பார்க்கும்போது யாராவது யாரையாவது இடைமறிக்கிறார்களா என்று கவனியுங்கள். எல்லோரும் அமைதியாகக் கேட்டுக் கைதட்டினால் அது விவாதமே அல்ல.

நாடகத்தில் எல்லாப் பாத்திரமும் பெண்களுக்கே என்பது தெரிந்ததுதான். கவனிக்க வேண்டியது அரங்கின் பின்பக்கம். மேடை மேலாளர் ஒரு மாணவியாக இருந்தால் அவள் கையில் ஒரு கோப்பு இருக்கும். ஒரு பக்கம் வசனம், எதிர்ப்பக்கம் விளக்கு 12, ஒலி 7 என்று எண் போட்ட குறிப்புகள். “விளக்கு 12, தயார்” என்பாள், அரை நிமிடம் கழித்து “போ”. அந்த ‘போ’வுக்குக் காத்திருக்கும் இன்னொருத்தி விளக்குப் பலகையில். மைக் ‘வீ’ என்று அலறினால், ஒலிபெருக்கியின் சத்தம் மைக்குக்குள்ளேயே திரும்பப் போகிறது என்று தெரிந்து, மைக்கை ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்புறமாக நகர்த்தி, மைக்கின் ஒலியைக் கூட்டும் அளவான கெயினைக் குறைக்கத் தெரிந்தவள் ஒலிப் பலகையில். நாடக நாளன்று இந்த மூன்று நாற்காலியிலும் வாடகைக்கு வந்த பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால், மேடையில் எத்தனை பேர் ஜொலித்தாலும் எங்கள் மதிப்பெண் ஐந்தில் இரண்டு.

சேர்ந்திசையில் ஒன்று மட்டும். குரல் மாறுவது பையன்களுக்கு மட்டுமல்ல, பெண்களுக்கும் பதினொன்று பன்னிரண்டு வயதிலிருந்து சில வருடம் குரலில் காற்று கலந்து வரும், மேல் ஸ்தாயி தடுமாறும். அந்த நேரத்தில் ‘நீ கீழ்க்குரல்’ என்று முத்திரை குத்தி நிரந்தரமாகப் பின்வரிசைக்கு அனுப்புவது தவறு. பருவத்துக்குப் பருவம் குரலை மறுபடி கேட்டு இடம் மாற்றும் ஆசிரியை இருந்தால் சேருங்கள்.

சதுரங்கமும் ஓவியமும் எங்கும் கிடைப்பவை, இதற்காகப் பள்ளி தேட வேண்டாம். கணித மன்றம் அப்படியல்ல. பெண்களுக்கான ஐரோப்பியக் கணித ஒலிம்பியாட் 2012இல் கேம்பிரிட்ஜில் தொடங்கியது, சீனாவில் 2002 முதலே ஒன்று நடக்கிறது. ஐரோப்பியப் போட்டியில் நாட்டுக்கு நால்வர், இரண்டு நாள், நாளுக்கு நாலரை மணி நேரம், மூன்றே கணக்கு. நாலரை மணி நேரத்துக்கு மூன்று கணக்கு என்பதைக் கவனியுங்கள். வாரம் நாற்பது கணக்கு போட வைக்கும் ‘மன்றம்’ டியூஷன்தான். ஒரே கணக்கோடு ஒரு வாரம் மல்லுக்கட்ட விடுவதுதான் மன்றம்.

நேரம், செலவு, பாதுகாப்பு

நல்ல திட்டங்களைக் கொல்வது பெரும்பாலும் கால அட்டவணை. நாற்பது நிமிட மதிய இடைவேளையில் மன்றம் என்றால் சாப்பாட்டுக்குப் பதினைந்து, பொருளை எடுத்து வைக்கவும் திருப்பி அடுக்கவும் பத்து போக, மிச்சம் கால் மணி நேரம். அதில் விவாதத் தலைப்பு ஒன்றைத் தொடலாம், சால்டரிங் அயர்ன் சூடேறி ஆறவே அது போதாது. பள்ளி முடிந்த பின் என்றால் தாமதப் பேருந்து இருக்கிறதா? இல்லையென்றால் வண்டி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அந்தக் கையேடு.

செலவில் மறைந்திருப்பவை தனிச் சீருடை, வாத்திய வாடகை, போட்டிப் பதிவு, பயணம், தங்குமிடம். ஆண்டுத் தொடக்கத்திலேயே மொத்தப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். உதவித்தொகை உண்டென்றால் விண்ணப்பம் யாரிடம் போகிறது என்பதையும் கேளுங்கள். வகுப்பு முன்னால் கையைத் தூக்கச் சொல்லும் முறை என்றால் தேவைப்படுகிற எந்தப் பிள்ளையும் கேட்காது.

இரவு தங்கும் பயணங்களில் குறைந்தது இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவராவது பெண். வெளிப் பயிற்சியாளர் மாணவியோடு தனியறையிலோ தனிச் செய்தியிலோ இருக்கக் கூடாது என்பது எழுதப்பட்ட விதியாக இருக்க வேண்டும். “எல்லாம் நமக்குத் தெரிந்தவர்தான்” என்பது விதி அல்ல.

பார்க்கப் போகும் நாளையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். திறப்பு நாளில் எல்லாப் பள்ளியும் பளபளக்கும். வாரத்தின் நடுவில் ஒரு சாதாரண நாள், பள்ளி முடிந்து அரை மணி நேரம் கழித்துப் போய், மூன்று பொருள் கேளுங்கள்: போன பருவத்தின் மன்ற வருகைப் பதிவேடு, மன்றக் கணக்குப் புத்தகம், கருவி அலமாரி. பதிவேட்டில் எட்டாவது வாரத்தில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று எண்ணுங்கள். கணக்கு மாணவியின் கையெழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அலமாரியைத் திறக்கச் சொன்னதும் சாவி ஒரு மாணவியிடமிருந்து வருகிறதா, அல்லது “சாவி வைத்திருக்கும் சார் இன்று லீவு” என்ற பதில் வருகிறதா என்று கவனியுங்கள்.